சாயச் சொல்லாதீர்கள், நிற்கக் கற்றுக்கொடுங்கள்

தடை தாண்டும் குதிரையின்மேல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், லாயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கூடத் தயங்காமல் சொல்வார்: முன்னால் சாய வேண்டும். பயிற்சித் திடல்களிலும் பெரும்பாலும் இதே பதில்தான். குதிரை தடையை நெருங்கியதும் சேணத்திலிருந்து எழு. நெஞ்சைக் குதிரையின் கழுத்தருகே கொண்டுபோ. கைகளைப் பிடரியில் ஊன்று. தடை உயர்ந்தால் இன்னும் அதிகமாகச் சாய். அப்படிச் செய்தால் முதுகில் பாரம் குறையும், பின்னங்கால்கள் தடையில்லாமல் உந்தும், குதிரை சுலபமாகத் தாண்டும் என்று விளக்கமும் தருவார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. பரிசு வாங்கியவர்களின் புகைப்படங்களும் இதற்குச் சாட்சி சொல்வதுபோல் இருக்கின்றன.

இந்தக் கருத்து தவறு. தடைக்கு மேலே சவாரியாளரின் மேலுடல் முன்னே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அதை அவர் செய்யக் கூடாது; குதிரையின் அசைவு அதைச் செய்துவிடும். சவாரியாளர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. கெண்டைக்காலையும் கணுக்காலையும் நிலைப்படுத்தாமல் மேலுடலை மட்டும் சாய்க்கக் கற்றுத் தருவது குதிரைக்குத் தீங்கு, கற்பவருக்கு ஆபத்து. இதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சாயச் சொல்பவர்கள் முதலில் துணைக்கு அழைப்பது வரலாற்றை. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிக்கோ காப்ரில்லிதானே முன்சாய்ந்த இருக்கையை உலகுக்குத் தந்தார், அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பார்கள். ஆகவே காப்ரில்லி என்ன செய்தார் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குதிரைப்படைகளிலும் வேட்டைச் சவாரிகளிலும் தடை தாண்டும்போது பின்னால் சாய்வதுதான் முறை. நீளமான அங்கவடி, முன்னே நீட்டிய பாதம், சேணத்தில் அழுந்திய இடுப்பு, வானத்தைப் பார்க்கும் நெஞ்சு. அன்றைக்கு அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. குதிரையின் முன்னங்கால்கள் மென்மையானவை, தரையிறங்கும் அதிர்ச்சி அவற்றின்மேல் விழக் கூடாது, அதனால் பாரத்தைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். 1868இல் லிவோர்னோவில் பிறந்த காப்ரில்லி, சவாரியாளர் இல்லாமல் தாண்டும் குதிரைகளைக் கூர்ந்து கவனித்தார். தன்போக்கில் தாண்டும் குதிரை முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. மேலே இருப்பவர் எவ்வளவு பின்னால் சாய்ந்தாலும் அது மாறுவதில்லை. தாண்டும்போது குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டுகிறது, முதுகை வளைக்கிறது. பின்னால் சாய்ந்த வீரர் அந்தக் கழுத்தை லகானால் இழுத்துப் பிடிக்கிறார், அந்த முதுகின்மேல் தொப்பென்று உட்காருகிறார். கடிவாள இரும்பு வாயைக் கிழிக்கிறது, இடுப்பு முதுகை அடிக்கிறது, தடையைப் பார்த்தாலே குதிரை அஞ்சத் தொடங்குகிறது.

அவர் கண்ட தீர்வு எளிமையானது. அங்கவடியைக் குட்டையாக்கு. எடையைச் சேணத்திலிருந்து எடுத்து அங்கவடியில் வை. கையைக் குதிரையின் வாயோடு போகவிடு. குதிரையை அதன்போக்கில் தாண்டவிடு. 1901இல் இத்தாலியக் குதிரைப்படை இதழில் தன் கொள்கைகளை எழுதினார். 1902இல் தூரினில் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து, 40 வயதை எட்டுமுன்பே இறந்துபோனார். அவர் அதிகம் எழுதவில்லை. பினெரோலோ, டோர் டி குவின்டோ குதிரைப்படைப் பள்ளிகளுக்கு வந்து பயின்ற வெளிநாட்டு அதிகாரிகள்தான் அவரது முறையை உலகெங்கும் கொண்டுசென்றார்கள். அவர்களில் ஒருவர் ரஷ்யரான பால் ரொத்ஸியாங்கோ. அவர் இடம்பெற்ற ரஷ்ய அணி 1912, 1913, 1914 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லண்டன் ஒலிம்பியாவில் கிங் எட்வர்ட் கோப்பையை வென்றது.

காப்ரில்லியின் கண்டுபிடிப்பை ஒரு வரியில் சுருக்கினால், குதிரைக்கு இடைஞ்சல் செய்யாதே என்பதுதான். பின்னால் சாய்வதை அவர் எதிர்த்ததற்குக் காரணம், அது குதிரையின் தாண்டலுக்கு நடுவே சவாரியாளர் நுழைத்த ஒரு செயல் என்பதே. இன்று நாம் கற்பிக்கும் வேகமான முன்சாய்வும் அதேபோல நுழைக்கப்பட்ட செயல்தான். திசை மட்டும் வேறு. அவர் பெயரைச் சொல்லியே அவர் விலக்கிய குறையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம்.

அடுத்து அவர்கள் அழைப்பது இயற்பியலை. குதிரையின் ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலே சவாரியாளரின் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும், வேகத்தில் அந்த மையம் முன்னே போகிறது, ஆகவே முன்னே சாய வேண்டும் என்பது வாதம். முதல் பாதி சரி. முடிவு தவறு. ஏன் என்று பார்க்க, தாண்டலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தடைக்கு முந்தைய கடைசி எட்டில் குதிரை இரண்டு முன்னங்கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஊன்றி, தன் முன்பகுதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதன் பிறகுதான் பின்னங்கால்கள் இரண்டும் உடலுக்கு அடியில் வந்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உந்துகின்றன. ஆக, முதலில் எழ வேண்டியது குதிரையின் தோள். நின்றுகொண்டிருக்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இருக்கிறது. அந்தக் கால்கள் உடலின் முன்பகுதியை உயர்த்த முயலும் அதே கணத்தில் 60 கிலோ மனிதர் ஒருவர் கழுத்தின்மேல் பாய்ந்தால் என்ன ஆகும்? தோளில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். குழந்தை அசையாமல் இருந்தால் அவர் தாண்டிவிடுவார். அவர் கால் எடுக்கும் நேரத்தில், உதவுவதாக எண்ணிக் குழந்தை முன்னே பாய்ந்தால் இருவரும் வாய்க்காலுக்குள்தான். குழந்தையின் எடை மாறவில்லை. அது அசைந்த நேரம்தான் அப்பாவைக் கவிழ்த்தது. குதிரை நான்கு கால் உள்ள பிராணி, கவிழாமல் சமாளித்துக்கொள்ளும். ஆனால் சமாளிப்பதற்கு ஒரு விலை உண்டு. முன்னங்கால்கள் தாமதமாக மடங்கும், கம்பு விழும். இல்லையென்றால் குதிரை கடைசி நொடியில் நின்றுவிடும்.

உந்தி எழுந்த பிறகு நிலைமை இன்னும் தெளிவானது. குதிரையின் கால்கள் தரையை விட்டதும், குதிரையும் சவாரியாளரும் சேர்ந்த உடலின் ஈர்ப்பு மையம் செல்லும் பாதை தீர்மானமாகிவிடுகிறது. எறிந்த கல்லின் பாதையை எப்படிக் காற்றில் மாற்ற முடியாதோ அப்படி அதையும் மாற்ற முடியாது. மேலே இருப்பவர் அங்கவடியில் உதைத்து எழுந்தால் குதிரை அந்த அளவுக்குக் கீழே தள்ளப்படும். 60 கிலோ சவாரியாளர், 550 கிலோ குதிரை என்று வைத்துக்கொள்வோம். குதிரையின் முதுகிலிருந்து அவர் 30 செ.மீ. எழுந்து நின்றால், எழாமல் இருந்தால் குதிரை எந்த உயரத்தில் இருந்திருக்குமோ அதைவிடச் சுமார் 3 செ.மீ. தாழ்ந்திருக்கும். ஒரு குளம்பு உரசினாலே கம்பு விழுந்துவிடும் விளையாட்டில் 3 செ.மீ. சின்ன விஷயமா? குதிரைக்கு உதவுவதாக நினைத்து எழுந்து பாய்பவர் தன் கையாலேயே கம்பைத் தட்டிவிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, மேலுடல் ஏன்தான் முன்னே வருகிறது? குதிரை எழும்போது, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேடு சவாரியாளரின் நெஞ்சை நோக்கி உயர்கிறது. அங்கவடியில் உறுதியாக நின்று, இடுப்பு மூட்டைத் தளர்வாக வைத்திருப்பவரின் இடுப்பு அந்த அசைவால் தானாகவே மடிகிறது. அவர் குதிரையிடம் குனியவில்லை, குதிரைதான் அவரிடம் எழுந்து வந்தது. தாழ்வான தடையில் இடுப்பு கொஞ்சம் மடியும், உயரமான தடையில் அதிகம் மடியும். எவ்வளவு மடிய வேண்டும் என்பதைக் குதிரையின் முதுகு முடிவு செய்கிறது. இந்த முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் சவாரியாளர், 60 செ.மீ. தடைக்கும் ஒலிம்பிக்கின் 1.60 மீட்டர் தடைக்கும் ஒரே மாதிரி விழுந்து வணங்குவார்.

தரையிறங்கும்போது இந்தத் தவறு குதிரையின் உடலில் எழுதப்படுகிறது. முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. முதலில் இறங்கும் கால், சில கணங்களுக்கு, குதிரையின் மொத்த எடையையும் மிஞ்சிய விசையைத் தனியாகத் தாங்குகிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு இணைந்திருப்பது தசைகளாலும் தசைநார்களாலும்தான். அதிர்ச்சியெல்லாம் அவற்றில்தான் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் சவாரியாளர் எங்கே இருக்கிறார்? தன் காலில் நிற்பவர் இடுப்பைத் திறந்து மீண்டும் சேணத்துக்கு மேலே வந்திருப்பார். கழுத்தில் படுத்தவர் இன்னும் கழுத்தில்தான் இருப்பார், கைகளை ஊன்றி, அந்த ஒற்றைக் காலின்மேல் தன் பங்கையும் ஏற்றியபடி. முன்னங்கால் தசைநார்க் காயத்தால் மாதக்கணக்கில் லாயத்தில் நிற்கும் குதிரைகளை நேசிப்பவர்கள் இதை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பந்தயக் குதிரை ஜாக்கிகளைக் காட்டுவார்கள். அவர்கள் கழுத்தின்மேல்தானே கவிழ்ந்திருக்கிறார்கள், குதிரை வேகமாகத்தானே ஓடுகிறது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாக்கிகள் அங்கவடியைக் குட்டையாக்கிக் குறுகி நிற்கத் தொடங்கியதும் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன. காரணம் என்ன என்று பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2009இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். குதிரையின் முதுகு ஒவ்வொரு எட்டிலும் மேலும் கீழும் முன்னும் பின்னும் அசைகிறது. ஜாக்கியின் கால்கள் வில்போல மடங்கி நீண்டு அந்த அசைவை உள்வாங்கிக்கொள்கின்றன. அதனால் ஜாக்கியின் உடல் தரையைப் பொறுத்தவரை ஏறக்குறைய நேராகச் செல்கிறது. அவரது எடையைக் குதிரை சுமக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு எட்டிலும் அதைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியதில்லை. குதிரைக்கு மிச்சமாவது அந்த உழைப்புதான். ஜாக்கியின் குனிந்த முதுகைப் பார்த்துப் பாடம் எடுப்பவர்கள் அவருடைய கால்களைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

ஆகவே சரியான நிலை எது என்பதை, வழக்கமாகச் சொல்வதுபோல் தலையிலிருந்து தொடங்காமல், காலிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன். சமதளச் சவாரியில் வைத்திருப்பதைவிட அங்கவடியை இரண்டு மூன்று துளை குட்டையாக்க வேண்டும். பாதத்தின் அகலமான பகுதி அங்கவடியில் இருக்க வேண்டும். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வலிந்து அழுத்தப்பட்டதாக இருக்கக் கூடாது. எடை கணுக்காலைத் தாண்டிக் கீழே இறங்குவதால் தாழ்ந்ததாக இருக்க வேண்டும். அங்கவடி வார் தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கெண்டைக்கால் வயிற்றுவாரின் அருகே குதிரையை மெல்லத் தொட்டபடி இருக்க வேண்டும். முழங்கால் மடிந்திருக்கும், ஆனால் சேணத்தை நெரிக்காது. இடுப்பு மூட்டு மடிந்து, இடுப்பு சற்றுப் பின்னே போய், சேணத்துக்கு மிக அருகிலேயே இருக்கும். முதுகு தட்டையாக, பார்வை தடைக்கு அப்பால். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற மூன்று மூட்டுகளும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இந்த நிலையைச் சோதிக்கக் குதிரைக்காரர்களிடம் பழைய சோதனை ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் குதிரையை மாயமாக உருவி எடுத்துவிட்டால், சவாரியாளர் தரையில் தன் இரு பாதங்களில் நிற்பாரா, முகம் குப்புற விழுவாரா? நிற்பார் என்றால் நிலை சரி.

இந்தச் சோதனையை வழக்கமான ஒரு பயிற்சி வகுப்பில் வைத்துப் பாருங்கள். இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சாய்த்துவைத்த முழங்கால் உயரத் தடை. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி டிராட் எனும் துள்ளுநடையில் வருகிறாள். அதுவரை நன்றாகத்தான் வருகிறாள். "சாயும்மா! முன்னாடி சாய்! கையைப் பிடரியில வை!" என்று குரல் வருகிறது. சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளை, உடனே சாய்கிறாள். குதிரை இன்னும் எழவில்லை. சாய்ந்த உடலைத் தாங்க அவளுக்கு ஏதாவது பிடிப்பு வேண்டும்; முழங்கால் இரண்டும் சேணத்தை நெரிக்கின்றன. முழங்கால் நெரித்ததும் அதுவே அச்சாகிவிடுகிறது. மேலுடல் முன்னே கவிழ, கெண்டைக்கால் பின்னே பறக்கிறது. குதிகால் மேலே ஏறுகிறது. அங்கவடி வார் பின்நோக்கிச் சரிந்து, பாதம் குதிரையின் விலாவை எட்டிவிடுகிறது. விலாவில் கால் பட்டதை முடுக்கும் சைகையாக எடுத்துக்கொண்ட குதிரை சட்டென்று பாய்கிறது. இறங்கும்போது சிறுமியின் நெஞ்சு கழுத்தில் மோதுகிறது, இரண்டு கைகளும் பிடரி மயிரைப் பற்றுகின்றன. "சூப்பர்! அடுத்த தடவை இன்னும் சாயணும்!" என்கிறது குரல். அந்தச் சிறுமி என்ன பிழை செய்தாள்? ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுத்தது அவள் உடலில் அப்படியே நடந்தது. நல்ல மாணவர்களைத்தான் இந்தப் பாடம் அதிகம் கெடுக்கிறது; சொன்னதை ஒழுங்காகச் செய்பவர்கள் அவர்கள்தானே.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிடரியில் கையை ஊன்றும் முறையை, கிரெஸ்ட் ரிலீஸ் என்று பெயர் சூட்டி, முழுக்கச் சரியான முறையாகவே பலர் கற்பிக்கிறார்கள். கற்றுக்குட்டியின் கை தள்ளாடிக் குதிரையின் வாயை இழுத்துவிடாமல் இருக்க, பிடரியில் ஊன்றுவது நல்ல பாதுகாப்பு. அதை நான் மறுக்கவே இல்லை. குதிரையின் வாய் என் கொள்கையைவிட மேலானது. ஆனால் அது ஒரு படிக்கட்டு. இந்த முறையைப் பரவலாக்கிய ஜார்ஜ் மாரிஸ்கூட, 1971இல் வந்த தன் நூலில் அதைப் படிநிலைகளில் ஒன்றாகத்தான் வைத்தார். முழங்கையிலிருந்து லகான் வழியே குதிரையின் வாய்வரை நேர்கோடாக, கை காற்றில் நின்று வாயைப் பின்தொடரும் நிலையே மேல்படி. படிக்கட்டிலேயே வீடு கட்டிக் குடியேறியவர்கள் பின்னால் வந்தவர்கள்தான். பிடரியில் ஊன்றிய கை, குதிரை கழுத்தை நீட்டும்போது கூடவே போக முடியாது. அதைவிடப் பெரிய கேடு, அது சவாரியாளருக்கு மூன்றாவது காலாகிவிடுகிறது. கையில் நிற்கப் பழகியவர் காலில் நிற்கக் கற்க மாட்டார். காற்றில் கையை வைத்துக்கொள்ள முடிகிறதா என்பது காலின் தேர்வு. கையின் தேர்வு அன்று.

இனி எதிர்த்தரப்பின் மிகப் பிரபலமான வாதத்துக்கு வருகிறேன். உலகத் தரப் போட்டியாளர்களைப் பாருங்கள், அவர்களில் பலருக்குக் கால் பின்னே பறக்கிறது, உடல் கழுத்துக்கு முன்னே போகிறது, ஆனாலும் வெல்கிறார்களே? வெல்கிறார்கள், உண்மை. இதற்கு மூன்று பதில்கள். ஒன்று, நிழற்படம் காட்டுவது தடையின் உச்சியில் உள்ள ஒரே கணத்தை. நிமிடத்துக்கு 350 முதல் 400 மீட்டர் வேகத்தில் வரும் குதிரை, தடைக்கு மேலே இருப்பது அரை நொடி அளவுதான். தடைக்கு முன் மூன்று எட்டில் அவர் எப்படி இருந்தார், இறங்கியதும் அவர் கால் எங்கே இருந்தது என்பதைப் படம் சொல்லாது. வேலை நடக்கும் இடங்கள் அவைதான். இரண்டு, பல்லாயிரம் தடைகள் தாண்டிய உடலுக்கு ஒரு பிசகைத் திருத்திக்கொள்ளும் சமநிலை உண்டு, 1.60 மீட்டரை அநாயாசமாகத் தாண்டும் குதிரைக்கு மேலே இருப்பவரின் பிசகை மன்னிக்கும் வலிமை உண்டு. கற்பவருக்கு இரண்டும் இல்லை. வல்லவரின் திறமையைக் கடன் வாங்க முடியாது; அவரது குறையைத்தான் சுலபமாகக் கடன் வாங்கலாம்.

மூன்றாவது, சரியான காலோடு வென்றவர்களும் இருக்கிறார்கள், அவர்களை ஏன் காட்டுவதில்லை? 1960 ரோம் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கமும் வெள்ளியும் வென்ற ரைமொண்டோ, பியரோ டின்சியோ சகோதரர்களைப் பாருங்கள். காப்ரில்லியின் நேர்வழி வாரிசுகள். 1968 மெக்சிகோவில் ஸ்நோபவுண்ட் என்ற குதிரையோடு தங்கம் வென்ற அமெரிக்கர் வில்லியம் ஸ்டைன்க்ராஸைப் பாருங்கள். அவர் அணியின் பயிற்சியாளர் ஹங்கேரியரான பெர்டலான் டி நெமெத்தி. அங்கவடி இல்லாத சவாரியிலும் வரிசைத் தடைகளிலும் வீரர்களின் இருக்கையை ஆண்டுக்கணக்கில் கட்டியவர். அவர் பயிற்றுவித்தவர்களின் படங்களில் நெஞ்சை விடுங்கள், அங்கவடி வாரைப் பாருங்கள். சாய்வு என்பது கால் தந்த கூலி என்று புரியும்.

கடைசி வாதம் அக்கறையிலிருந்து வருவது, அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. சாயச் சொல்லாவிட்டால் மாணவர் பின்தங்கிவிடுவார், குதிரை எழும்போது பின்னே விழுவார், லகானை இழுத்து வாயைக் காயப்படுத்துவார் என்கிறார்கள். பின்தங்குவது பெரிய குறை, மறுக்கவில்லை. ஆனால் மாணவர் ஏன் பின்தங்குகிறார்? பாதம் முன்னே போய், எடை சேணத்தில் அமர்ந்திருப்பதால். அதாவது அங்கேயும் நோய் காலில்தான் இருக்கிறது. காலைச் சரிசெய்யாமல் உடலைச் சாய்க்கச் சொன்னால் ஒரு நோய் போய் இன்னொரு நோய் வரும். தள்ளாடும் அந்தச் சில வாரங்களுக்கு, பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். குதிரையின் வாய் காப்பாற்றப்படும். மேடேறி இறங்கும் கிராஸ் கன்ட்ரித் தடைகளில், பள்ளத்தில் குதிக்கும்போது, தேர்ந்தவர்கள் தோளைப் பின்னே வைத்து லகானை நழுவவிட்டு, கெண்டைக்காலை முன்னே ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மேலுடல் முற்றிலும் வேறு இடத்தில் இருக்கிறது. மாறாதது காலில் நிற்பது ஒன்றுதான். மேலுடலின் இடம் தடைக்குத் தடை மாறும் என்றால், அதை எப்படி முதல் பாடமாக வைக்க முடியும்?

இரண்டு குறைகளில் எது ஆபத்தானது என்றும் கேட்க வேண்டும். குதிரை தடைக்கு முன் நின்றுவிட்டால், பின்தங்கியவர் சேணத்திலேயே உட்கார்ந்திருப்பார். முன்னே பாய்ந்தவர் தலைகீழாகத் தடைக்கு அப்பால் விழுவார். 1995 மே மாதம் வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரில் நடந்த போட்டியில், நடிகர் கிறிஸ்டோபர் ரீவின் குதிரை ஒரு தடைக்கு முன் நின்றது. அவர் முன்னே எறியப்பட்டார். கழுத்து முறிந்து, மீதி வாழ்நாள் முழுவதும் கழுத்துக்குக் கீழே செயலிழந்து இருந்தார். அவரது இருக்கையில் பிழை இருந்தது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சரியாக இருப்பவருக்கும் விபத்து வரலாம். குதிரைக்கு முன்னால் போய் விழுவது எத்தகைய விழுகை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அப்படி விழுவதற்கான பாதிவழியைக் குழந்தைகள் ஏற்கெனவே சாய்ந்து கடந்திருக்கும்படி கற்பிக்கலாமா? 

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் ஏதும் இல்லை. தடை என்ற சொல்லையே எடுப்பதற்கு முன், மாணவர் நடையிலும் டிராட்டிலும் கேன்டர் எனும் மிதமான பாய்ச்சலிலும் சேணத்தைத் தொடாமல் அங்கவடியில் நின்று, திடலைச் சுற்றிவர வேண்டும். லகானைப் பிடித்துத் தொங்காமல், கழுத்தில் ஊன்றாமல். பயிற்சியாளர் பிடித்திருக்கும் நீண்ட லஞ்ச் கயிற்றில் குதிரை வட்டமாகச் சுற்ற, கைகளை விரித்து நிற்கட்டும். அடுத்து, தரையில் 1.30 மீட்டர் இடைவெளியில் கிடத்திய கம்புகள்மீது டிராட். அதற்கு அடுத்து, கடைசிக் கம்பிலிருந்து 2.70 மீட்டரில் ஒரு சிறு குறுக்குத் தடை. இடைவெளி சரியாக இருந்தால் குதிரையே சரியான இடத்தில் எழும். எப்போது எழும் என்று மாணவர் ஊகிக்க வேண்டியதில்லை. ஊகிக்க வேண்டாதவர் முந்திக்கொண்டு பாய மாட்டார். அதிலிருந்து 5.50 மீட்டரில் இன்னொரு தடை சேர்த்து, லகானை முடிச்சிட்டுக் கழுத்தில் விட்டுவிட்டு, கைகளை இருபுறமும் நீட்டித் தாண்டச் சொல்லுங்கள். கால் நிலைக்காதவர் அங்கே நடிக்க முடியாது. கால் நிலைத்தவரின் இடுப்பு, யாரும் சொல்லாமலே மடிவதை எல்லோரும் பார்ப்பார்கள். இதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் தடையை உயர்த்தத் தேவையில்லை. உயர்த்தச் சொல்லிக் கேட்கும் பெற்றோருக்குக் காரணத்தை எடுத்துச் சொல்வதும் பயிற்சியாளரின் கடமை.

சாய்வை ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. முதல் நாளே மாணவர் குதிரைவீரர்போலத் தோன்றுகிறார், படம் நன்றாக விழுகிறது, கட்டணம் கட்டியவர்கள் மகிழ்கிறார்கள். நிலைத்த கெண்டைக்காலை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. ஆனால் சவாரியின் அழகைத் தீர்மானிக்கும் உரிமை, பார்ப்பவரைவிட முதுகில் சுமப்பவருக்கு அதிகம். சுமப்பதோ பேசத் தெரியாத பிராணி. வலித்தால் தலையை உதறும், தடைக்கு முன் தயங்கும், ஒருநாள் நின்றுவிடும். அப்போது முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கும். அந்தப் பெயரைச் சூட்டும் முன், மேலே இருந்தவரின் அங்கவடி வார் எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று பயிற்சியாளரும் நடுவரும் பார்க்க வேண்டும். கற்பிப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சாய் என்ற கட்டளையைத் திடலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக நில் என்று சொல்லுங்கள், நிற்கும்வரை காத்திருங்கள். சாய்வைக் குதிரை பார்த்துக்கொள்ளும்.